பத்து நிமிஷம் என்னும் மலையளவை

சனிக்கிழமை இரவு கோயம்புத்தூருக்கு மேற்கே பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி ஒன்றை வாங்கிக்கொண்டு, வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறி, ஞாயிறு சூரியோதயத்தை உச்சியில் தரிசித்து, திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் திரும்பிவிடலாம் என்று சங்கற்பம் செய்துகொள்ளும் கிருகஸ்தர்கள், வனத்துறை அனுமதிக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில், ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுடைய பக்தியையோ தேக பலத்தையோ இக்கட்டுரை ஆராயப் புகவில்லை. ஏறுகிறவன் இறங்கி வருகிறவனைப் பார்த்து, 'இன்னும் எவ்வளவு தூரமுங்க?' என்று கேட்க, அதற்கு அவன், 'வந்தாச்சுங்க, பத்து நிமிஷந்தான்' என்று விடையிறுக்கும் அந்த ஒரு வாக்கியமே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

இவ்வாக்கியத்தின் முதல் விசேஷம் அதன் நித்தியத்துவம். முதல் மலையின் கற்படிகளில் கேட்டபோதும் பத்து நிமிஷம். பாம்பாட்டிச் சுனையருகே கேட்டபோதும் பத்து நிமிஷம். கை தட்டினால் நீர் சுரக்கும் என்று சொல்லப்படும் கைதட்டிச் சுனையில், தட்டுவதற்குக் கை எழாமல் நின்று கேட்டபோதும் அதே பத்து நிமிஷந்தான். நாழிகைக்கு 24 நிமிஷம் என்று வரையறுத்த நம் முன்னோர் இந்தப் பத்து நிமிஷத்தைத் தொடாமல் விட்டது, அவர்கள் மலையேறி அறிந்தவர்கள் என்பதற்குச் சான்று என்றே கருதுகிறேன்.

மேல்நாட்டார் கணக்கை நம்பினார்கள். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்னும் மலையேறி 1892இல், மூன்று மைலுக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் மேற்கொண்டு ஒரு மணி என்று சூத்திரம் செய்தார். பூண்டியிலிருந்து உச்சிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 4000 அடி என்று கொண்டால், மூன்றேகால் மணியில் காரியம் முடிய வேண்டும். எனக்கு ஐந்தரை மணி ஆயிற்று. சூத்திரத்தில் பிழையில்லை; சுக்குக் காப்பிக் கடைகளை அவர் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

கணக்கு கைவிட்ட இடத்தில் தர்க்க சாஸ்திரத்தை நாடினேன். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது அனுமானப் பிரமாணத்துக்கு நையாயிகர்கள் காலங்காலமாகக் காட்டிவரும் உதாரணம்; ஏறிப் பார்த்திருந்தால் அடுப்பையும் அதன்மேல் கொதிக்கும் சுக்குக் காப்பியையும் பிரத்தியட்சமாகவே கண்டிருப்பார்களாதலால், அவர்கள் அடிவாரத்தைத் தாண்டவில்லை என்பது வெளிப்படை. இறங்கி வருகிறவனோ உச்சியைக் கண்டவன்; அவன் வாக்கு ஆப்த வாக்கியம்; அது பொய்க்கலாகாது. பொய்த்தது. ஆறாவது மலைக்கு முன்னால் ஒருவர் மட்டும், 'ஒன்றரை மணி ஆகுமுங்க' என்றார். அது அப்படியே பலித்தது. அவர் உச்சிக்குப் போகாமல் பாதியில் திரும்பியவர் என்று பிற்பாடு தெரிந்தது. காணாதவன் சொல் மெய்யாகவும் கண்டவன் சொல் பொய்யாகவும் முடியும் இந்த விபரீதத்துக்கு எந்த நூலிலும் சமாதானம் கிடைக்கவில்லை.

கருணையே காரணம் என்பாரும் உளர். வள்ளுவரைச் சாட்சிக்கு அழைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காதுதான். ஆனால் அவரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை என்பது, நானே இறங்கத் தொடங்கியபோது தெளிவாயிற்று. இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே சரீர பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், நடக்கும் வரையில் ஒருவாறு அடங்கியிருந்த கால், நின்ற மாத்திரத்தில் தையல் இயந்திரத்தின் ஊசிபோல் ஆடத் தொடங்குகிறது. உண்மையை உரைப்பதோ நின்று செய்ய வேண்டிய காரியம்; எத்தனை மலை பாக்கி, எங்கே படி, எங்கே வழுக்குப் பாறை என்றெல்லாம் விவரித்தாக வேண்டும். பத்து நிமிஷத்தை நடந்துகொண்டே சொல்லி முடித்துவிடலாம். ஆகவே இப்பொய்யின் உற்பத்தி ஸ்தானம் இருதயமன்று, முழங்கால்.

இரண்டாவது மலையில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தடிமேல் சாய்ந்திருந்த ஓர் இளைஞர், 'அண்ணா, இன்னும் எவ்வளவு நேரமுங்க?' என்றார். நெய்ஸ்மித்தின் சூத்திரத்தை விளக்கி, அதன்மேல் இரண்டு மணி கூட்டிக்கொள்ளும்படி சொல்லத்தான் நின்றேன். 'ஸ்காட்லாந்து தேசத்திலே...' என்று வாயெடுப்பதற்குள் வலது முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது.

'பத்து நிமிஷந்தான் தம்பி' என்று சொல்லிவிட்டு நடந்தேன்.