சாப்பாடு இலவசம், இலைக்கு ஆயிரம்

ஸ்வயம் தளத்தை நடத்தும் ஒன்றியக் கல்வி அமைச்சக அதிகாரிகளுக்கு வணக்கம்.

'இலவச இணையவழிக் கல்வி' என்று முகப்பிலேயே போட்டிருக்கிறீர்கள். சத்தியமான வார்த்தை. ஐஐடி பேராசிரியர் பாடம் நடத்துவதைப் பார்க்கக் காசில்லை. வாராவாரம் அசைன்மென்ட் போடவும் காசில்லை. படித்தது மண்டையில் ஏறியதா என்று காட்ட ஆசைப்பட்டால்தான், ஸ்வயத்தில் ஐஐடிகள் தரும் என்பிடெல் பாடம் ஒன்றுக்குத் தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். பந்தியில் சாப்பாடு இலவசம், இலைக்கு மட்டும் காசு. தேர்வு எழுதாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் கல்லூரியில் கிரெடிட் இல்லை. அறிவு மட்டும்தான் மிஞ்சும். அதை எந்த மார்க்‌ஷீட்டில் ஏற்றுவது?

1000 என்று தொகை குறித்தவரை ஒருமுறை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் தமிழ்நாட்டு அரசு மாதாமாதம் தருவதும் அதே 1000. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், அதிலும் 1000. சென்னையும் டெல்லியும் ஒரு விஷயத்திலாவது பைசா பிசகாமல் ஒத்துப்போயிருக்கின்றன! அந்த ஆயிரத்தை உங்களிடம் கட்டிவிட்ட மாதம் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள் என்றெல்லாம் கேட்பது அற்பத்தனம்.

பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 500 போதும் என்கிறீர்கள். நல்ல காரியம், இதில் கேலி இல்லை. ஆனால் சலூன்காரர் மகளும் விசைத்தறித் தொழிலாளி மகனும் முழுத்தொகை கட்டக்கூடிய தனவந்தர்கள் என்பது இப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

12 வாரப் பாடம் என்று வைத்ததும் அழகு. 84 நாள். 28 நாள் ரீசார்ஜ் மூன்று போட்டால் கச்சிதமாக முடிகிறது. தேர்வு அதற்குப் பிறகுதான் என்பதால், ஹால் டிக்கெட் இறக்க நாலாவது ரீசார்ஜ். தேர்வு மையத்துக்குப் பஸ் செலவு தனி.

ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயத்தில் படிக்கலாம் என்று 2021-ல் யுஜிசி கதவைத் திறந்துவிட்டது. அந்தப் பாடங்களைக் கல்லூரி நடத்த வேண்டியதில்லை. அதற்காக ஃபீஸில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்ட கல்லூரி எதையும் நான் கேள்விப்பட்டதில்லை. நடத்தாதவருக்கும் கட்டு, நடத்தியவருக்கும் கட்டு.

கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். சின்ன வேண்டுகோள் ஒன்று. தேர்வறையில் ஒரு கேமரா வையுங்கள். காசு கட்டியவர்கள் பரீட்சை எழுதுவதை, கட்ட முடியாதவர்கள் உங்கள் தளத்திலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளட்டும்.