மொட்டை மாடிச் சமையல்

சூரிய அடுப்பு என்பது சூடு வெளியேறாத பெட்டி, உள்ளே கறுப்பு வண்ணம் பூசிய தட்டு, மேலே இரட்டைக் கண்ணாடி மூடி, வெயிலைத் திருப்பிவிட ஒரு முகக்கண்ணாடி ஆகியவற்றால் ஆனது. இதன் மூதாதையை 1767-இல் செய்தவர் ஜெனீவாவின் அறிவியலாளர் சொசூர். வெயில் அரிதாகக் கிடைக்கும் ஊர்க்காரர். வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத அம்பத்தூர், ஆவடி மொட்டை மாடிகளில் பெரும்பாலும் வடாம்தான் காய்கிறது.

பெட்டிக்குள் சூடு 100 டிகிரி செல்சியசைத் தாண்டும். சோறும் பருப்பும் இரண்டு மூன்று மணி நேரத்தில் வேகும். தோசை வராது, தாளிக்க முடியாது. அவ்வப்போது அடுப்பைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். பக்கத்து மனையில் எழும் அடுக்குமாடியைத் திருப்ப வழியில்லை. 'வெந்துவிட்டதா?' என்று மூடியைத் திறந்து பார்ப்பது குடும்பத்தார் அனைவரின் பிறப்புரிமை. திறக்கும்போதெல்லாம் சூடு இறங்கும்.

பராமரிப்பு எளிது. பூந்தமல்லி நெடுஞ்சாலைத் தூசி படியும் கண்ணாடியை ஆறிய பிறகே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சூட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். பாத்திரத்தின் வெளிப்புறக் கறுப்பை, அதைப் பளபளவெனத் தேய்த்துவிடும் சுறுசுறுப்பான கைகளிடமிருந்து காக்க வேண்டும். மூடியின் ரப்பர் பட்டை தளர்ந்தால் மாற்ற வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது பெட்டியை வீட்டுக்குள் வைப்பது நல்லது. பழைய செய்தித்தாள் அடுக்க அதைவிட வாகான இடம் கிடையாது.