எழுநூற்றைம்பதார்

இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் எழுநூற்றைம்பதார் என்று அழைப்பதுதான் அவருக்குப் பொருந்தும். காலையில் காபி வருவதற்கு முன்பே போனைத் திறந்து சிபில் ஸ்கோரைப் பார்ப்பார். 731 என்றால் காபி நன்றாக இருக்கும். 728 என்றால் டிகாஷன் தண்ணியாகிவிட்டதாகச் சண்டை வரும். 750-ஐத் தொட்டுவிட்டால் வங்கிகள் வாசலில் கோலம் போட்டு வரவேற்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து அந்த எண்தான் அவருக்குக் குலதெய்வம். இதே மனிதர் மூன்று வருடம் முன்பு தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் பிள்ளையிடம் கொடுத்து, “அப்பா குளிக்கிறார்னு சொல்லு” என்பார். அந்த நாட்களில் அவர் குளித்த குளியலுக்குக் குற்றாலத்தில் தண்ணீர் போதாது. அந்தக் காலம் போய்விட்டது. இருந்த பாக்கியை எல்லாம் நயா பைசா மிச்சமில்லாமல் அடைத்துவிட்டார். ஆனால் அவரை அந்தக் கதிக்கு ஆளாக்கிய கிரெடிட் கார்டு மட்டும் இன்னும் பர்ஸில் உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 900, ஆக 5,900. “மூடிடலாமே?” என்று கேட்டால் பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்குவார்: “மூடினா ஸ்கோர் எறங்கிடும்.” அவருடைய இந்தப் பயம்தான் இன்று அவர் வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள். தன்னைக் கவிழ்த்தவனையே நன்னடத்தைக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டு, வருடா வருடம் சாட்சிப் படியும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

பயம் வந்த வழியைப் பார்த்தால் அவரை முழுக்கக் குறை சொல்ல முடியாது. நம் மொழியில் காசுக்கும் நாணயம், நேர்மைக்கும் நாணயம். அதனால் காசு விஷயத்தில் யாராவது மார்க் போட்டால் அதை நடத்தைச் சான்றிதழ் என்று நம்புவது நமக்குக் கைவந்த பழக்கம். சிபில் நிறுவனம் 2000-இல் வந்தது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-இல் வந்தது. இன்று இந்த வேலையை நாட்டில் நான்கு நிறுவனங்கள் செய்கின்றன. 300-க்கும் 900-க்கும் நடுவில் அவை தரும் எண், ஒருவர் வாங்கிய கடனை எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதை வைத்து இனி எப்படிக் கட்டுவார் என்று போடும் ஊகம், அவ்வளவே. வாழ்நாளில் ஒரு ரூபாய் கடன் வாங்காத தாத்தாவுக்கு ஸ்கோரே கிடையாது. அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை அவர் பிறக்கவே இல்லை. ஆனால் ஊர் இப்படிப் பார்ப்பதில்லையே! 2025-இல் மராட்டியத்தின் மூர்த்திஜாபூரில் பெண்ணின் மாமா மாப்பிள்ளையின் சிபிலைக் கேட்டு வாங்கிப் பார்த்ததில் கல்யாணமே நின்றதாகச் செய்தி வந்தது. ஜாதகத்தில் செவ்வாய் பார்த்த காலம் போய்ச் செட்டில்மென்ட் பார்க்கும் காலம் வந்துவிட்டது. அதே வருடம், கடன் வரலாறு சரியில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி ஒருவரின் வேலை நியமனத்தை ரத்து செய்தது செல்லும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்யாணமும் உத்தியோகமும் ஓர் எண்ணில் தொங்கினால் மனிதர் காலையில் எழுந்ததும் அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? ஆக, எண்ணை மதிப்பது தப்பில்லை. எது அந்த எண்ணை ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று தெரியாமல் மதிப்பதுதான் வினை.

அவர் விழுந்த குழியின் ஆழத்தை நம் ஊர்க் கணக்கில் அளந்தால் உடனே விளங்கும். தெருமுனையில் வட்டிக்கு விடுபவர் “நூத்துக்கு மூணு வட்டி” என்றால் எழுநூற்றைம்பதார் சீறுவார்; கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இல் வந்தது தெரியுமா என்று கேட்பார். ஆனால் பிளாஸ்டிக் கார்டில் மாதம் மூன்றரை வட்டி, அதாவது வருடத்துக்கு 42 சதவீதம், பல வங்கிகளில் சாதாரணம். அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் பாக்கி என்று வையுங்கள். மாத வட்டி 3,500, அதன்மேல் வரி 630, ஆக 4,130. குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்று பில்லில் போட்டிருந்தால் அவர் 5,000 கட்டிவிட்டு, தவணை தவறாத பெருமையோடு தூங்கப் போவார். அசலில் குறைந்தது 870 ரூபாய். பாக்கி வைத்திருக்கும் வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதால், அந்த 870-உம் அடுத்த வாரமே சாம்பாரில் கரைந்துவிடும். இந்த வட்டிக்கு 30 சதவீத வரம்பு வைத்துத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. எனவே மேலேயிருந்து யாரும் வந்து காப்பாற்றப்போவதில்லை. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டை ஒரே மூச்சில் அடைப்பது கணக்கு தெரிந்தவர் செய்யும் வேலை. நகைக்கடன் பெரும்பாலும் மாதம் ஒரு வட்டிக்கும் கீழேதான் வரும். எழுநூற்றைம்பதாருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. “நகையை அடகு வைக்கிறது கௌரவமா?” என்றார். மூன்றரை வட்டி கட்டுவதில் இருக்கும் கௌரவத்தை மட்டும் அவர் கடைசிவரை விளக்கவில்லை. நல்ல வேளையாக அவர் மனைவிக்குக் கணக்கு வரும்.

அடைத்த முறையில் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். வசூல் ஆள், “பாதி கட்டுங்க சார், முடிச்சு விட்டுடறோம்” என்று ஆசை காட்டியபோது மயங்காமல் முழுத்தொகையும் கட்டினார். பாதியில் பேசி முடித்தால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும். நம் காதுக்கு அது வாழ்க்கையில் செட்டிலான மாதிரி மங்கலமாக ஒலிக்கும். கடன் கொடுப்பவர் காதில் விழுவதோ ‘மொத்தமும் தரவில்லை’ என்பதுதான். முழுசாக அடைத்தவருக்கு மட்டுமே ‘குளோஸ்டு’ கிடைக்கும்.

அவ்வளவு விவேகம் உள்ளவர் மூடும் விஷயத்தில் ஏன் தடுமாறுகிறார்? அவர் கையில் இரண்டு வாதங்கள் உண்டு, இரண்டிலும் கொஞ்சம் உண்மையும் உண்டு. முதலாவது, பழைய கணக்கை மூடினால் கடன் வரலாற்றின் வயசு போய்விடும் என்பது. மூடிய கணக்கு அன்றைக்கே ஆவியாகிவிடுவதில்லை. ஒழுங்காகக் கட்டிய மாதங்கள் வருடக்கணக்கில் அறிக்கையில் நிற்கும். அவர் கட்டாமல் விட்ட மாதங்களும் கூடவே நிற்கும் என்பதை அவரிடம் சொல்வதில்லை, காபி கெட்டுவிடும். இரண்டாவது வாதத்துக்கு எடை அதிகம். பழைய கார்டில் வரம்பு 1,00,000. பெயரை மீட்க வங்கியில் 30,000 ரூபாய் வைப்புத்தொகை போட்டு அதன்மேல் வாங்கிய புதுக் கார்டில் 25,000. மாதம் 8,000 செலவழித்தால் இப்போது மொத்த வரம்பில் 6.4 சதவீதம்தான் பயன்படுகிறது. பெரிய கார்டை மூடினால் அதே செலவு 32 சதவீதமாகத் தெரியும். 30-ஐத் தாண்டாதே என்று ஊரே சொல்கிறது. நியாயமான கவலை. ஆனால் பில் போடும் தேதிக்கு முன்பே 4,000 கட்டிவிட்டால் அது 16 ஆகிவிடும். போனில் இரண்டு தட்டு தட்டினால் முடியும் வேலையைத் தவிர்க்க 5,900 கட்டுவது, கொசுவுக்குப் பயந்து வீட்டையே காலி செய்கிற கதை. அடுத்த மூன்று மாதத்தில் வீட்டுக் கடனுக்கு மனுப் போடுபவர் என்றால் அதுவரை பொறுப்பதில் அர்த்தம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நம்மவர் எந்தக் கடனுக்கும் போகவில்லை. “அப்புறம் ஸ்கோர் எதுக்கு?” என்றால், “இருக்கட்டுமே!” என்பார்.

கணக்கில் தோற்றால் சலுகைக்குத் தாவுவார். அந்தக் கார்டில் விமான நிலைய லவுஞ்சு இலவசம். அவர் விமானம் ஏறுவது வருடத்தில் ஒருமுறை, போக வர இரண்டு லவுஞ்சு. கட்டணத்தை வகுத்தால் ஒரு வேளை இட்லி 2,950 ரூபாய். சாம்பார் மட்டும்தான் இலவசம். ரிவார்டு பாயின்ட் இன்னும் வேடிக்கை. பாயின்ட் ஒன்றுக்கு நாலணா என்று வைத்தாலும் 5,900-ஐ மீட்க 23,600 பாயின்ட் சேர வேண்டும். சேர்ப்பதற்காகச் செலவழித்துத்தான் அவர் முன்பு குளிக்கப் போனார். செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி ஆகுமே என்பார் சிலர். ஆகும், வருடத்துக்கு இத்தனை லட்சம் என்ற இலக்கைத் தொட்டால். குடித்து மீண்டவருக்கு, பத்துப் புட்டி வாங்கினால் ஒன்று இலவசம் என்று சொல்வதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு.

எனவே மூடத்தான் வேண்டும், அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் தேதிக்கு முன்பே. கத்தரிக்கோலால் கார்டை நான்காக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு மூடியாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. வெட்டியது பிளாஸ்டிக்கைத்தான், கணக்கு அங்கே உயிரோடு கட்டணம் போட்டுக்கொண்டே இருக்கும். பில் தேதிக்கும் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் வாலாக வரும்; லட்சத்தை அடைத்தவர் அந்த முந்நூறு ரூபாய் வாலைக் கவனிக்காமல் அபராதத்தில் மாட்டுவதுதான் இந்த நாடகத்தின் வழக்கமான கடைசிக் காட்சி. சினிமா ஆப்புக்கு மாதாமாதம் தானாகப் போகும் பணத்தை வேறு கணக்குக்கு மாற்ற வேண்டும். பிறகு வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டால், மறுமுனையில் தேன் சொட்டும் குரல் ஒன்று, உங்களை மாதிரி மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்காக இந்த ஒரு வருடம் மட்டும் பாதிக் கட்டணம் என்று கெஞ்சும். மூன்று வருடம் முன்பு இதே வங்கியிலிருந்து வந்த குரல்களில் தேன் இருந்ததா என்று அவர் நினைத்துப் பார்த்தால் போதும், மனம் இளகாது.

கேட்கும் முறையில் கேட்டால் வங்கிக்கும் கெடு உண்டு. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், மூடும் நாள் வரை தினம் 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இதைத் தெரிந்துகொண்டதும் எழுநூற்றைம்பதார் ஒருவழியாக மூடச் சொல்லி மனுப் போட்டார், அவருடைய காலைப் பழக்கமும் மாறிவிட்டது. மனுப் போட்ட மறுநாளிலிருந்து ஸ்கோரைப் பார்ப்பதில்லை, காலண்டரைப் பார்க்கிறார். இரண்டாம் சனி, ஞாயிறு கழித்து விரல்விட்டு எண்ணுகிறார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வங்கி தனக்கு அபராதம் கட்டப்போகிறது என்ற எண்ணமே அவர் முகத்தில் ஒரு களையைக் கொண்டுவந்திருக்கிறது. எட்டாம் நாள் 500, ஒன்பதாம் நாள் 1,000 என்று மனைவியிடம் கணக்கும் சொல்லிவிட்டார். ஆறாம் நாள் மாலை குறுஞ்செய்தி வந்தது: தங்கள் கணக்கு மூடப்பட்டது. இரண்டு முறை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். “என்னாச்சு?” என்றாள் மனைவி. “அவசரக்காரப் பசங்க” என்றார்.