மருமவனுக்கு ஒரு பத்தியம்

வேய் மருமவனே, இங்கன வந்து உக்காரும். நீரு நாள் பூரா சலிக்காம செய்யுத வேலை அது ஒண்ணுதான்.

உடம்பைக் குறைக்கத் திட்டம் போட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கீரே, கண்ணாடி மாட்டி வாசிச்சேன். காலையில நடை, அப்புறம் ஓட்ஸ், சாயங்காலம் ஜிம், ராத்திரி சூப்பு. பஞ்சாயத்து ஆபீஸ்ல கூட இம்புட்டு வெவரமாத் திட்டம் போட மாட்டாவ. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த ஓட்ஸைக் கிண்டுதது யாரு? பிள்ளையளுக்கு இட்லி, எனக்குத் தோசை, உமக்கு ஓட்ஸுன்னு காலங்காத்தால மூணு சமையல் நடக்கு. நீரு நடந்துட்டு வந்து ஃபேனுக்கு அடியில சாயுதீரு. அதுக்குள்ள எம் மவ அடுப்படிக்கும், சின்னவ சடைக்கும், டிபன் பாக்ஸுக்கும் ஓடி உம்மளை விடக் கூடவே நடந்துருதா. இது உம்ம திட்டமா, அவளுக்குப் போட்ட தண்டனையா?

ஜிம்முக்கு ஒரு வருசப் பணத்தை மொத்தமாக் கட்டிட்டு, அங்க போகக் காரு எடுக்கீரு. போயி நிக்குதது ஓடுத மெஷினுல. தெருமுக்குல கொத்தமல்லி வாங்கப் பைக்கு. ரெண்டாம் மாடிக்கு லிஃப்டு. கேட்டா, வாட்சு பத்தாயிரம் அடி கேக்குதுங்கீரு. வே, அது டாக்டர் எழுதின சீட்டுன்னா நெனச்சீரு? 1965ல ஜப்பான்காரன் அடி எண்ணுத மெஷினு ஒண்ணு விக்கதுக்கு வச்ச பேருல வந்த கணக்கு. ஏவாரி சொன்னா நடக்கீரு. பொண்டாட்டி தயிர் வாங்கச் சொன்னா கால் வலிக்கு!

உலக சுகாதார நிறுவனம் கேக்குதது வாரத்துக்கு 150 நிமிசம், லேசா மூச்சு வாங்குத மாதிரி. துண்டு துண்டாச் செஞ்சாலும் கணக்குல சேரும்னு 2020ல சொல்லிட்டாவ. சின்னவளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிட்டுப் போம். போக வர இருபது நிமிசம். திரும்பி வரும்போது எட்டி நடந்து வாரும். ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிசம், எம் மவளையும் கூட்டிக்கிட்டு. சீனி சட்டுனு ஏறாது. பேசாம கிடந்த பேச்சும் தீரும். வாரம் அஞ்சு நாளுன்னா 150 ஆச்சு. தசைக்கு ரெண்டு நாளு வேலை குடுக்கணுமாம். வாசல்ல 20 லிட்டர் தண்ணி கேன் உமக்காகத்தான் காத்துக் கெடக்கு. முழங்காலை மடக்கித் தூக்கும், இடுப்பைப் பிடிச்சிட்டு ‘மாமா’ன்னு கத்தாதீரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சிறுதானிய பிஸ்கட்டுன்னு வாங்கிட்டு வந்தீரே, அட்டையைத் திருப்பிப் பாத்தீரா? மைதாவும் சீனியும் முன் வரிசையில. கம்பு கடைசியில கையைக் கட்டிட்டு நிக்கு. பிள்ளைய மிச்சம் வச்ச பூரியை ‘வீணாப் போகுதே’ன்னு வாயில தள்ளுதீரே, அதை எந்த வாட்சு எண்ணுது?

ஐதராபாத்து ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல புத்தகமே போட்டிருக்கு. தட்டுல பாதி காயும் கீரையும் பழமுமா இருக்கணும். உப்பு நாளைக்கு 5 கிராம், சீனி 25 கிராமுக்குள்ள. டீக்கு ரெண்டு கரண்டி வீதம் நாலு டீ குடிச்சா, அதுலயே 30 தாண்டிரும் மருமவனே. இதுக்குத் தனி உலை எதுக்கு? வீட்டுக்கே ஒரே சமையல். சோறு ஒரு கரண்டி கொறையட்டும், பொரியல் ரெண்டு கரண்டி கூடட்டும். ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போயி அவரைக்காயை நீரே நார் உரிச்சு வச்சுப் பாரும். கூட்டுப் பொரியல் ஏன் எப்பமாவது ஒருநாள் வருதுன்னு அப்பந் தெரியும்.

சரி, எந்திரியும். மூணு டீ போட்டு எடுத்துட்டு வாரும். எம் மவளுக்கு சீனி அரைக் கரண்டி, உமக்கும் அதே. எனக்கு மூணு. என்ன முழிக்கீரு? வயசானவனுக்கு விதிவிலக்கு அந்தப் புத்தகத்துல இருக்கும் வே, நான் வாசிக்காத பக்கத்துல!