குள்ளர் வீட்டுல குடித்தனம்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. ஊருக்கு வந்து மூணு நாளாச்சு. சாமைச் சோறு ஆறிப்போவுது, நீ செல்லுல ஒரே படத்தை இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டிருக்க. உங்க பாட்டி அது பொண்ணு படம்னு நெனச்சி குலசாமிக்குக் கோழி நேந்துக்கிட்டா. நான்தான் எட்டிப் பாத்துட்டுச் சொன்னேன்: "கெழவி, கோழியை அவுத்து விடு. அது பொண்ணு இல்ல, டப்பா."

கம்ப்யூட்டர் வைக்கிற டப்பா. அதுலயும் சின்ன டப்பா. அளவு கேட்டா லிட்டர்ல சொல்ற. பாலு லிட்டர்ல விக்கும், மண்ணெண்ணெய் லிட்டர்ல விக்கும். தகரப் பொட்டியும் லிட்டர்ல விக்கும்னு இந்த வயசுலதான் தெரிஞ்சிக்கிட்டேன்.

சின்ன வீட்டு ஆசை உனக்கு மட்டும் வந்ததுன்னு நெனைக்காத. மெதுவா சிரி, பாட்டி காதுல விழப்போவுது. நான் சொல்றது கல்லு வீடு. ஜமுனாமரத்தூருலேருந்து கீழ்செப்பிலிப் பக்கம் போனா நீயே பாக்கலாம். நாலு பக்கமும் பலகைக் கல்லு, மேல ஒரு மூடுகல்லு, முன்பக்கக் கல்லுல வட்டமா ஒரு ஓட்டை. குள்ளர் வீடுன்னு எங்க தாத்தா காட்டினாரு. உன் டப்பாவைப் பாத்ததும் அதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. மிச்சக் கதை கடைசியில.

உன் சாமானுக்கு வரேன். எனக்கும் யூடியூபு பாக்கத் தெரியும்டா, மலையில சிக்னல்தான் தெரியாது. பெரிய போர்டு ஏடிஎக்ஸு. 1995-ல இன்டெல்காரன் வகுத்த அளவு, 305 மி.மீ.க்கு 244. 2001-ல தைவான் கம்பெனி வியா 170-க்கு 170-னு ஒண்ணைக் கொண்டாந்தான், மினி ஐடிஎக்ஸு. என் கையால ஒரு சாண்கூட வராது. ராம் ரெண்டு சொருகலாம், கார்டு ஒண்ணு சொருகலாம், அத்தோட சரி. பாதிக்கும் கொறஞ்ச நெலம், பத்திரச் செலவு மட்டும் ஜாஸ்தி. பவர் சப்ளையும் எஸ்எஃப்எக்ஸுன்னு குட்டியாத்தான் வாங்கணும். அதுக்கும் வெலை கூட. கொறச்ச இடத்துக்குக் கூடக் காசு குடுக்குற வித்தையைப் பட்டணத்துலதான் கத்துக்கணும்.

இப்ப லிட்டரு. ஜெர்மனியில ஒரு ஆளு 2016-ல ஊர்க்காசு வசூல் பண்ணி டான் ஏ4-னு கொண்டாந்தாரு, 7.2 லிட்டர். சுவீடன்காரன் ஃபிராக்டல் டெர்ரா 10.4. கூலர் மாஸ்டர் என்ஆர்200 18.25. நீ என்ன பண்ற? கொறஞ்ச நம்பரைப் பாத்து நாக்கைத் தொங்கப் போடுற. பலாப்பழத்தைத் தோலோட எடை போடுறதும் ஒண்ணு, சுளையை மட்டும் போடுறதும் ஒண்ணாடா? கால், கைப்பிடி, பின்னால துருத்திக்கிட்டு இருக்குறது எல்லாத்தையும் சேத்துச் சொல்றவன் ஒருத்தன், விட்டுட்டுச் சொல்றவன் இன்னொருத்தன். நீ மேசையில வைக்கப்போறது தோலோட. டேப்பைப் போட்டு நீளம், அகலம், ஒசரம் நீயே அளந்து பெருக்கு.

உனக்கு அந்த டெர்ராதான் புடிச்சிருக்கு, தெரியும். முன்னால ஒரு பட்டை வால்நட் மரம் வச்சிருக்கான்ல? சந்தன மரக் காட்டுல பொறந்தவன், சுவீடன்காரன் ஒட்டிக் குடுக்குற மரப்பட்டைக்கு மயங்குற. மயங்கிக்கோ. ஆனா மரத்துக்குப் பின்னால இருக்குற நடுச்சுவரைப் பாத்தியா? அதான் அந்தப் பொட்டியோட சூட்சுமம்.

அண்ணன் தம்பி ரெண்டு பேரு ஒரே வீட்டுல இருக்காங்கன்னு வையி. ஒரு பக்கம் பிராசசர் தலைமேல உக்காந்திருக்குற கூலர், இன்னொரு பக்கம் கிராபிக்ஸ் கார்டு. நடுச்சுவரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகத்தலாம். கார்டு 72 மி.மீ. தடிமன் கேட்டா கூலருக்கு 48 மி.மீ.தான் ஒசரம். கூலருக்கு 77 குடுத்தா கார்டுக்கு 43. கூட்டிப் பாரு, ரெண்டு கணக்கும் 120தான். பாகப்பிரிவினையில நெலம் வளராதுடா. நீ தடிச்ச கார்டும் வேணும், ஒசந்த கூலரும் வேணும்ங்கற. ரெண்டு பேருக்கும் முழு வீட்டையும் எழுதி வைக்கிறேன்னு சொன்ன பெரிய மனுசன் கடைசில கோர்ட்டு வாசல்லதான் நின்னான்.

அதனால பொட்டியை மொதல்ல வாங்காத. கார்டோட நீளம், தடிமன், கரண்டு ஒயரு சொருகுற தலைக்கு வேண்டிய எடம் மூணையும் எழுதிக்கோ. கடைசியா சொன்னதைத்தான் எல்லாரும் மறந்துடுவான். மாப்பிள்ளை வீட்டுக்குள்ள வந்துட்டான், தலைப்பாதான் வாசக்கால்ல இடிக்குதுன்னு மூடி மூடாம நிக்கும்.

இப்ப சூடு. ஆர்டிஎக்ஸ் 4090-னு ஒரு கார்டு 450 வாட்டு இழுக்கும். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு நாலரை. அதை ஒரு பொட்டிக்குள்ள எரிய விட்டு மூடினா என்ன ஆவும்? பக்கத்துல ஒரு முட்டையை வச்சிட்டுப் போ, 21 நாள்ல குஞ்சு கத்தும். பாட்டி நேந்துக்கிட்ட கோழிக்கு அதையே ஈடு கட்டிடலாம்.

போன வருசம் நீ கொண்டாந்தியே ஒரு பொட்டி, பேரு வேணாம். மூஞ்சி முழுக்க கண்ணாடி, உள்ள திருவிழா சீரியல் பல்பு. வெளையாட ஆரம்பிச்ச பத்தாவது நிமிசம் காத்தாடி ஊளையிட்டுச்சு, அப்புறம் அதுவே அணைஞ்சி போச்சு. நீ சாஃப்ட்வேர் கோளாறுன்ன. நான் பக்கத்துத் தகட்டைக் கழட்டி வச்சேன். சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சா இல்லையா? அதாண்டா பரீட்சை. மூடி வச்சி ஒரு தடவை சூட்டைப் பாரு, தொறந்து வச்சி ஒரு தடவை பாரு. ரெண்டு மூணு டிகிரிதான் வித்தியாசம்னா நல்ல பொட்டி. பத்து பதினஞ்சு எறங்குச்சின்னா பொட்டி மென்னியைப் புடிக்குதுன்னு அர்த்தம். என் பீடிப் புகையை அந்தக் கண்ணாடிக்குக் கீழ ஊதினேன். புகை உள்ள போவல, என் மூஞ்சிக்கே திரும்பி வந்துச்சு. நீ என்னைத் திட்டின. பொட்டியைத் திட்டியிருக்கணும்.

காத்தாடியை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுறதுன்னு நேத்து ராத்திரி முழுக்க போன்ல சண்டை போட்ட. காலையில என்னோட கொல்லைக்கு வந்திருந்தா சண்டையே வந்திருக்காது. ரெண்டு தேன் பெட்டி வச்சிருக்கேன். ஒண்ணு நம்ம ஊரு அடுக்குத் தேனீ, ஒண்ணு இத்தாலித் தேனீ. உச்சி வெயில்ல வாசப் பலகைகிட்ட குந்தி உக்காந்து பாரு. ரெண்டும் காலை ஊனிக்கிட்டு, நவராம, றெக்கையை மட்டும் அடிச்சிக்கிட்டு நிக்கும். றெக்கை கண்ணுக்கே தெரியாது, ரீங்காரம்தான் கேக்கும். ஆனா நிக்கிற தோரணையைப் பாரு. இத்தாலிக்காரி தலையை வாசலுக்குள்ள காட்டி நிப்பா. காத்து உள்ளேருந்து வெளிய வரும், உள்ளங்கையை நீட்டினா வெதுவெதுன்னு படும். நம்ம ஊருக்காரி தலையை வெளிய நீட்டி, வாலை வாசலுக்குக் காட்டி நிப்பா. வெளிக்காத்து உள்ள போவும். உள்ள குஞ்சு வளர்ற அடையில சூடு ஏறக்கொறைய 35 டிகிரியிலயே நிக்கும், ரெண்டு பொட்டியிலயும்.

ஆகமொத்தம் தள்ளினாலும் ஆவும், இழுத்தாலும் ஆவும். ஒரு வழி வரணும், ஒரு வழி போவணும். ரெண்டும் ஒண்ணையொண்ணு மறிக்கக்கூடாது. ஆனா இழுக்குற காத்தாடி மட்டும் இருந்தா, சந்து பொந்து எல்லாத்துலயும் காத்து நுழையும், அதோட நம்ம செம்மண்ணும் நுழையும். உள்ள தள்ளுற காத்தாடிக்கு முன்னால ஒரு வலையைக் கட்டினா மண்ணு வலையிலயே நிக்கும், ஞாயித்துக்கெழமை தட்டி எடுத்துடலாம். மலையிலயோ மண்ணு ரோட்டு ஓரத்துலயோ இருக்குறவனுக்கு நம்ம ஊரு தேனீ வழிதான் சரி. வலையைக் கழட்ட நாலு திருகாணி அவுக்கணும்னா நீ அவுக்கமாட்ட, எனக்குத் தெரியும். கையால உருவுற வலையா பாத்து வாங்கு.

பொட்டிக்குக் காலும் பாரு. தானியக் குதிரைத் தரையில வைக்கிறோமா? கல்லுமேல தூக்கி வைக்கிறோம், அடியில காத்து போவட்டும்னு. அடியில காத்தாடி வச்ச பொட்டியை மெத்தைமேலயும் சமக்காளத்துமேலயும் வச்சிட்டு, சூடாவுதுன்னு அழுவாத. காவலூருல அந்தப் பெரிய வெள்ளைக் கொட்டாயைப் பாத்திருக்கல்ல? உள்ள 2.34 மீட்டர் கண்ணாடி, 1986 ஜனவரியில ராஜீவ் காந்தி வந்து வேணு பாப்பு பேரு வச்ச தொலைநோக்கி. அந்த மாதிரிக் கொட்டாயில பகல் சூடு தங்கிடுச்சின்னா ராத்திரி நட்சத்திரம் அலம்புமாம். வானத்தையே பாக்குறவனுக்கும் வீட்டுக் காத்துதான் மொத கவலை.

ரைசர் கேபிளுன்னு ஒண்ணு வரும், நடுச்சுவரைத் தாண்டி கார்டுக்குப் பாலம் போடுற பட்டை. கார்டு 4-ஆம் தலைமுறை, பட்டை 3-ஆம் தலைமுறைன்னா திரை கருப்பாவே நிக்கலாம். கார்டு செத்துப்போச்சுன்னு ஒப்பாரி வைக்காத. பயாஸுக்குள்ள போய் 3-னு மாத்தி வையி. அதைவிட முக்கியம் திருகாணி. என்இசட்எக்ஸ்டி எச்1-னு 2020-ல வந்த பொட்டியில, ரைசரைப் புடிச்சிருந்த திருகாணியே ஷார்ட் சர்க்யூட் ஆவும், தீப்புடிக்கும்னு 2021 பிப்ரவரியில அமெரிக்காவுல ரீகால் அறிவிச்சாங்க. நெருக்கமா குடித்தனம் பண்ற எடத்துல ஒரு சின்ன உரசலும் பெரிய சண்டைதான்.

மாட்டுறதுக்கும் மொறை இருக்கு. கூலர், ராம், போர்டுக்கு முதுகுப் பக்கம் சொருகுற எஸ்எஸ்டி எல்லாத்தையும் வெளிய வச்சே மாட்டிட்டு அப்புறம் போர்டை உள்ள எறக்கு. எறக்கினப்புறம் அந்த முதுகு உன் கைக்கு எட்டாது. கடைசியா கார்டோட கரண்டு வரம்பைக் கொஞ்சம் கொறச்சி வையி. வேகம் கடுகளவு போவும், சூடு கைப்பிடியளவு போவும். சின்ன வீடு வச்சவன் செலவைச் சுருக்கத்தான் வேணும்.

"அப்ப எதைத்தான் வாங்குறது தாத்தா"ன்னு கேக்குற. எனக்கு வெக்கம் இல்ல, சொல்றேன்: தடிச்ச கார்டுதான் வேணும்னா 18 லிட்டருக்குப் போ, மானம் ஒண்ணும் போயிடாது. பத்து லிட்டர்தான் வேணும்னா கார்டை எளச்சதா வாங்கு. ரெண்டும் கெட்டானா ஆசைப்படாத.

குள்ளர் வீட்டுக் கதையைச் சொல்றேன்னேனே. சின்னப் பையனா இருக்கும்போது அந்த ஓட்டைக்குள்ள தலையை விட்டுப் பாத்தேன். காத்து சில்லுன்னு மூஞ்சியில அடிச்சிது. எப்பேர்ப்பட்ட வீடு கட்டியிருக்கான் குள்ளன்னு நெனச்சேன். அப்புறம் தொல்லியல்காரங்க வந்தாங்க, நோட்டுல எழுதிக்கிட்டுச் சொன்னாங்க: "பெரியவரே, இது வீடு இல்ல, பெருங்கற்காலத்துச் சமாதி."

செத்தவனைப் படுக்க வச்ச பொட்டிக்கே அவன் ஓட்டை வச்சான்டா. நீ போய் அந்தக் கண்ணாடி மூஞ்சியைத் திருப்பிக் குடுத்துட்டு வா. சோறு ஆறிப்போச்சு, அதுக்கு மட்டும் காத்து போதும்.