பழங்கணினி புதுக்குதல்: திருக்கோஷ்டியூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப்பொருள், திருக்கோஷ்டியூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் பூவேலை உறை போர்த்தி நிற்கும் மேசைக்கணினி. அதில் விண்டோஸ் 11 ஏறுமா என்பது ஆய்வுச் சிக்கல். ஏறாது. ஆனால் முடிவு தெரிந்த பிறகே ஆய்வைத் தொடங்குவது நம் பல்கலைக்கழக மரபு என்பதால் மேலே செல்வோம்.

புதுக்குதல் மூவகைப்படும்: தானே செய்வது, பிறர் செய்வது, நடவாதது. முதல்வகைக்குச் சான்றில்லை. இரண்டாவது பில்லோடு வரும். எஞ்சியதே இக்கட்டுரை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 11க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நம்மிடம் இருப்பது 2 ஜிபி, அதுவும் டிடிஆர்2. கடையில் கிடைக்கும் டிடிஆர்4க்கு வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருப்பதால் பழைய ஸ்லாட்டில் உட்காராது. எனவே புது மதர்போர்டு, அதற்குப் புது பிராசஸர், பிறகு எஸ்எம்பிஎஸ். கடைசியில் பழையதில் மிஞ்சுவது கேபினட்டும் ஆயுத பூஜைச் சந்தனப் பொட்டுமே. அதன் பின்னும் இது அதே கணினிதானா? பழைய பாகங்களை எடைக்குப் போட்டவர் வேறு என்பர். மனைவியிடம் பில்லைக் காட்ட வேண்டியவர் அதுவேதான் என்பர்.

இனி, காலம். மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி உயிர்விட்டதால், சுவிட்சைப் போடும்போதெல்லாம் கணினி 2002 ஜனவரி 1 என்கிறது. சேமித்த படங்களெல்லாம் அந்தத் தேதியையே தாங்கியுள்ளமையால், இக்குடும்பத்தின் காதுகுத்து, கல்யாணம், அறுபதாங்கல்யாணம் மூன்றும் ஒரே நாளில் நடந்தன என நிறுவலாம். இதைவிட மெலிந்த அகச்சான்றைப் பிடித்துக்கொண்டு நூல்களின் காலத்தை ஆயிரமாண்டு முன்னே தள்ளியவர்கள் பொன்னாடையோடு உலவுவதால், நமக்கும் கூச்சம் தேவையில்லை.

அக்கணினி இடையிடையே எழவும் மறுப்பதால், இனி வருவது தலையாய இயல்: அழிரப்பர். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் செத்த கணினி எழும் (கடைத்தம்பி, வாய்மொழி). பற்களில் படிந்த அழுக்கும் களிம்பும் போவதே காரணம் எனச் சிலர் கூறுவர். காரணம் கூறுவது ஆய்வின் சுவையைக் கெடுக்கும். வாயால் ஊதினாலே போதும் என்பார் ஊதற்கொள்கையர். ஊதினால் எச்சில் படும், தேய்த்தலே சிறந்தது (கடைத்தம்பி, வாய்மொழி, திருப்பத்தூர், டீ வருமுன்). ஒருபக்கமாகத் தேய்ப்பதா, முன்னும் பின்னுமா என்பதில் வடகலை தென்கலை அளவுக்குப் பிளவுண்டு. முன்னும் பின்னும் தேய்த்தால் பல் தேயும் என்பதே ஏற்புடைத்து (கடைத்தம்பியை மறுத்து அவர் முதலாளி, திருத்திய இரண்டாம் வாய்மொழி, அதே கடை, டீ வந்தபின், மெதுவடை இடைச்செருகலுடன், வடைக்குப் பாடபேதம்: பஜ்ஜி).

இவ்வித்தையைக் கடைக்காரர்கள் வெளியே விடுவதில்லை. உள்ளறையில் தேய்த்துவிட்டு ‘சர்வீஸ் சார்ஜ்’ என எழுதிவிடுவர். ஆனால் இது எந்த ஊர்! திருமந்திரத்தின் பொருள் கேட்டு இராமானுசர் 18 முறை திருக்கோஷ்டியூர் நம்பியைத் தேடி வந்ததும், இரகசியமாகக் கேட்டதை ஊரறியச் சொன்னதும் இங்கேதான் என்பது குருபரம்பரைச் செய்தி. சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலின் அஷ்டாங்க விமானத்தில் ஏறிக் கூவ ஆய்வாளருக்கு மூட்டுவலி இடந்தராமையால், அழிரப்பர் இரகசியம் இவ்விடத்து அச்சில் வெளியிடப்படுகிறது.

தேய்த்தோம். கணினி எழுந்தது. விண்டோஸ் 11 ஏறவில்லை.

அரசு தந்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸைப் பார்த்து வளர்ந்த பக்கத்து வீட்டுத் தம்பி, “இலேசான லினக்ஸ் ஒண்ணு போட்டா இதுலயே ஓடும் சித்தப்பா, காசு வேணாம்” என்றான். அவன் கூற்றில் ஆண்டும் பக்க எண்ணும் இல்லாமையால் ஏற்கப்படவில்லை.