சென்சஸ் நைனா

புழலில் ஜி.என்.டி. சாலையை ஒட்டிய ஏதாவது ஒரு டீக்கடையில் காலை ஏழு மணிக்குப் போய் நில்லுங்கள். அவர் இருப்பார். எண்ணூர்ப் பக்கம் ஏதோ ஒரு கம்பெனி ஸ்டோர்ஸிலிருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, வாயில் 2011 சென்சஸ். தெருவில் அவருக்கு 'சென்சஸ் நைனா' என்று பெயர்.

தமிழ்நாட்டில் எத்தனை பேர் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆனாலும் சொல்வார்: "ஏழு கோடியே இருபத்தோரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முப்பது." அந்தக் கடைசி முப்பது பேருக்கும் அவரே வீட்டில் சோறு போடுவதுபோல ஒரு பெருமிதம். 2011-இல் பிறந்த குழந்தைகளுக்கு மீசை அரும்பிவிட்டது. அவர் எண் மட்டும் அசையவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. 2021 கணக்கெடுப்பைக் கொரோனா தள்ளிப்போட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்து ரேஷன் அரிசி 2011 கணக்கில்தான் ஓடுகிறது. மக்களவையில் நமக்கு 39 இடம் என்பதோ 1971 கணக்கு. அதோடு பார்த்தால் நைனா நாற்பது வருஷம் முன்னேறியவர்.

எண்களை அவர் சும்மா வைத்திருப்பதில்லை. பெண் கிடைக்காத முப்பத்தெட்டு வயசுப் பையனைத் தேற்றுவார்: "ஆயிரம் ஆம்பளைக்கு 996 பொம்பளை. நாலு பேருக்குத்தான் சிக்கல். நீ ஏன்டா பயப்படுறே?" பையன் இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை. பஸ் கேட்டு மனு எழுதினாலும் மக்கள்தொகை முதல் வரியில் இருக்கும். "புழல் ஜெயில்ல இருக்கிறவங்களும் நம்ம ஊர் கணக்குலதான். நிறுவனக் குடும்பம்னு எழுதுவாங்க" என்று ஒருநாள் விளக்கினார். "அப்ப பெயில்ல போனா ஊர் சின்னதாயிடுமா நைனா?" என்றான் டீ மாஸ்டர். அதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

இவ்வளவு எண் வைத்திருப்பவர் எண் கொடுத்த அழகைக் கேளுங்கள்.

2010-இல் வீட்டுப் பட்டியல் எடுக்க டீச்சர் ஒருவர் வந்தார். 35 கேள்வி. தெருவெல்லாம் படியேறி இறங்கி வந்த களைப்பு அவருக்கு.

"டிவி இருக்கா சார்?"

"இல்லம்மா."

உள்ளே சீரியலில் ஒரு மாமியார் ஓவென்று அழுதுகொண்டிருந்தார். அரசு இலவசக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

"ஸ்கூட்டர்?"

"அது பையனோடது. அவன் தனி."

"எங்க இருக்கார்?"

"மாடில."

"சமையல்?"

"ஒண்ணாத்தான்."

ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம் என்பது சென்சஸ் விதி. டீச்சர் ஸ்கூட்டரைக் குறித்துக்கொண்டார். டிவி தப்பித்தது.

அடுத்த பிப்ரவரியில் ஆட்களை எண்ண வந்தார்கள். நைனாவுக்கு 60, அவர் வீட்டுக்கார அம்மாவுக்கு 55, மகனுக்கு 30, மருமகளுக்கு 25. தெருவே அப்படித்தான் சொன்னது. 49 வயசுக்காரர் மருந்துக்கும் இல்லை. பூஜ்யத்திலும் ஐந்திலும் வயதுகள் குவிவது இந்திய சென்சஸுக்குப் பழைய வியாதி. அதை அளக்கப் புள்ளியியல்காரர்கள் தனிக் குறியீடே வைத்திருக்கிறார்கள்.

முடிவுகள் வெளிவந்தன. நைனா டீக்கடையில் பொங்கினார்: "இந்தியாவுல 47 சதவீத வீட்லதான் டிவி இருக்காம். இன்னா நாடுய்யா இது!"

இப்போது 2027 கணக்கெடுப்பு. 1931-க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகிறார்கள். நாமே இணையத்தில் பதில்களை நிரப்பவும் வழி உண்டு. "டீச்சருக்கு ஏன் சிரமம்? நானே போட்டுக்கறேன்" என்கிறார் நைனா. எனக்குக் கவலை அதுதான்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி நீங்கள் சொன்னதை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது, அந்தச் சட்டத்தையே மீறிய வழக்கு தவிர வேறெதிலும் கோர்ட்டில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. அதனால் டிவி இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள். 49 என்றால் 49 என்றே சொல்லுங்கள். டீச்சருக்கு ஒரு நாற்காலியும் போடுங்கள்.